பள்ளி திறக்கும் முன்: மே முதல் ஜூன் வரை குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பள்ளி திறக்கும் தேதி ஓரிடத்தில் நிற்பதில்லை. 2023இல் வெயில் தணியாததால் முதலில் ஜூன் 7க்குத் தள்ளிவைத்தார்கள். அப்புறம் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12, 1 முதல் 5 வரை ஜூன் 14 என்று மாற்றினார்கள். 2024இல் 6ஆம் தேதி என்றது 10ஆம் தேதியானது. 2025இல் ஜூன் 2ஆம் தேதியே திறந்துவிட்டது. இதை வைத்து "எப்படியும் தள்ளிப்போகும்" என்று காத்திருக்கிற வீடுகள்தான் கடைசி மூன்று நாளில் திணறுகின்றன. ஜூன் 1ஆம் தேதியே திறப்பதாக நினைத்துத் தயாராகுங்கள். தள்ளிப்போனால் அந்த நாட்கள் பிள்ளைகளுக்கு லாபம்.

பள்ளி திறப்புப் பதற்றம் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் மூன்று தனித்தனிக் கவலைகள் இருக்கின்றன: பணம், நேரம், பயம். பணமும் நேரமும் பெரியவர்களுடைய கவலை. பயம் பிள்ளையுடையது. மூன்றும் ஜூன் முதல் வாரத்தில் ஒன்றாக வந்து விழும்போது, பெரியவர்களின் கவலை முந்திக்கொள்கிறது, பிள்ளையின் பயத்தைக் கேட்க ஆளில்லாமல் போகிறது. ஆகவே பணத்தை மே முதல் பாதியிலும் நேரத்தை மே கடைசியிலும் முடித்துவிட்டு, ஜூன் முதல் வாரத்தைப் பிள்ளைக்காக மட்டும் காலியாக வைத்திருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

படி 1: முதலில் பணக் கணக்கு (மே முதல் இரண்டு வாரம்)

இதுமாதிரி வழிகாட்டிகள் பெரும்பாலும் தூக்கத்தில் தொடங்கும். நான் பணத்தில் தொடங்கக் காரணம் உண்டு. மே மாதக் கடைசியில் இரவு பதினொரு மணிக்கு அப்பாவும் அம்மாவும் கட்டணத்தைப் பற்றி அடங்கிய குரலில் வாக்குவாதம் செய்வது பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு நன்றாகவே கேட்கும். "என்னால்தான் இந்தச் சண்டை" என்று ஒன்பது வயதுப் பிள்ளை முடிவு கட்டிவிடும். அந்த எண்ணத்தோடு பள்ளிக்குப் போகிற பிள்ளையை எந்தப் புதுப் பையும் சமாதானப்படுத்தாது.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம், பள்ளி திறக்கும் முன் கட்டாயம் கொடுக்க வேண்டியவை: முதல் தவணைக் கட்டணம், சீருடைத் தையல் கூலி, வேன் முன்பணம். வலது பக்கம், ஜூலை வரை பொறுக்கக்கூடியவை: கூடுதல் நோட்டுகள், விளையாட்டு உடை, புது ஜியாமெட்ரி பாக்ஸ், ஓவிய வகுப்பு. எழுதிப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் வலது பத்திதான் நீளமாக இருக்கும்.

தனியார் பள்ளி என்றால், 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். தவணை வேண்டுமென்றால் மே முதல் வாரத்திலேயே பள்ளிக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். "ஜூனில் இவ்வளவு, ஆகஸ்டில் இவ்வளவு, அக்டோபரில் இவ்வளவு தருகிறேன்" என்று தேதியோடு எழுதினால் பல நிர்வாகங்கள் இறங்கி வரும். திறக்கும் நாள் காலையில் அலுவலக வாசலில் நின்று கேட்கும்போது அந்த வாய்ப்பு இருப்பதில்லை, பிள்ளையும் பக்கத்தில் நிற்கும்.

பள்ளி மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. கட்டண பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைக்கக் கூடாது, பாக்கி இருப்பதாக அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டி.சி. வாங்க ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்.

நகைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், தெருமுனை அடகுக் கடைக்கு முன் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ விசாரியுங்கள். வட்டி வித்தியாசம் ஒரு வருஷத்தில் நோட்டுப் புத்தகச் செலவையே தாண்டிப் போகலாம். எப்போது மீட்கப் போகிறோம் என்பதையும் அன்றைக்கே இருவரும் பேசி எழுதிவைத்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் தேவையில்லாத செலவு நடக்கிறது. பாடநூல், நோட்டு, பை, சீருடை என்று பலவும் விலையில்லாமல் வரும். வருவதற்குச் சில வாரம் ஆகலாம் என்பதற்காக அவசரப்பட்டு வெளியில் வாங்கிவிடுகிறார்கள். உங்கள் வகுப்புக்கு எது எப்போது வரும் என்று ஆசிரியரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பேருந்துப் பயண அட்டையும் அப்படித்தான்: புது அட்டை தரும்வரை பழைய அட்டையைக் காட்டியோ சீருடையிலோ இலவசமாகப் பயணிக்கலாம் என்று கல்வியாண்டின் தொடக்கத்தில் போக்குவரத்துத் துறை அறிவிப்பது வழக்கம். நடத்துநர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள்.

பணத்தட்டுப்பாட்டைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம், அதன் தலையில் இறக்கவும் வேண்டாம். "இந்த வருஷம் பை பழையதே, ஷூ புதுசு" என்று மே மாதமே நேராகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். கடைக்குக் கூட்டிப்போய் ஆசை காட்டிவிட்டு அங்கே மறுப்பதுதான் அழுகையில் முடியும்.

படி 2: வாங்குவதற்கு முன் பரணைப் பாருங்கள்

போன வருஷப் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். பாதி எழுதிய நோட்டுகள், மூடி தொலைந்த பேனாக்கள், இன்னும் நல்ல நிலையில் இருக்கும் ஸ்கேல் எல்லாம் வெளியே வரும். காலிப் பக்கங்களைக் கிழித்து நூலில் தைத்தால் கணக்குப் போட்டுப் பார்க்க ரஃப் நோட்டு தயார்.

சீருடைதான் நேரம் இழுக்கும். மே மூன்றாம் வாரத்துக்கு மேல் எந்தத் தையல்காரரும் சொன்ன நாளில் தரமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாம் வாரத்துக்குள் துணியைக் கொடுத்துவிடுங்கள். பாவாடைக்கும் பேண்ட்டுக்கும் கீழே இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள், டிசம்பரில் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். அப்போதுதான் பாதம் லேசாக விரிந்திருக்கும். பிள்ளையை நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். வாங்கியதைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடக்கவிடுங்கள். முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்று மாலைவரை பள்ளி என்றாலே வலிதான்.

பையின் எடையைப் பற்றி: 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கைப்படி, பை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 1, 2ஆம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ, 9, 10ஆம் வகுப்புக்கு 2.5 முதல் 4.5 கிலோ. காலிப் பையே ஒரு கிலோ இருந்தால் கணக்கு அங்கேயே உதைக்கும். ஆகவே கடையில் படத்தைப் பார்ப்பதற்கு முன் வெறும் பையைத் தூக்கிப் பாருங்கள்.

நோட்டுக்கு அட்டை போடும் வேலையை மட்டும் யாரும் தனியாகச் செய்து முடித்துவிடாதீர்கள். அது ஒரு மாலை முழுக்க வீடே உட்கார்ந்து செய்ய வேண்டியது. தரையில் பிரவுன் ஷீட் விரித்து, நோட்டை நடுவில் வைத்து, ஓரத்தில் மூன்று விரல் விட்டு வெட்டி, மூலையை உள்ளே மடிக்கும்போது முதுகுப் பக்கம் சின்னதாக ஒரு வெட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் அட்டை சுருங்கும். வெட்டுவது அப்பா, மடிப்பது அக்கா, லேபிளில் பெயர் எழுதுவது அந்தப் பிள்ளையே. எழுத்து கோணலாக இருக்கட்டும். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். "இந்த வருஷம் அந்த மிஸ்ஸே வருவாங்களாம்மா?" என்று ஒரு கேள்வி வரும். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வராத பேச்சு அது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 3: ஊரிலிருந்து திரும்புவதும் தூக்கமும் (கடைசிப் பத்து நாள்)

பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளைகளைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு இரவு பேருந்தில் அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது. அன்றைக்குத்தான் எல்லா ஊரிலிருந்தும் எல்லாரும் கிளம்புகிறார்கள். சிறப்புப் பேருந்து விட்டாலும் நிற்க இடம் இருக்காது. ரயில் முன்பதிவும் இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஆகவே மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். குறைந்தது ஐந்து நாள் முன்னதாக வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

தூக்கத்தில் முதலில் மாற்ற வேண்டியது எழும் நேரம்தான். ஒன்பது மணிக்கு எழும் பிள்ளையை எட்டு மணிக்கே தூங்கு என்றால் புரண்டு புரண்டு படுக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பதினைந்து இருபது நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். எழுந்ததும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போகட்டும், காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்தைத் திருப்ப உதவும். மதியத் தூக்கத்தைக் குறைத்தால் இரவுத் தூக்கம் தானே முன்னால் வரும். 6 முதல் 12 வயதுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. காலை ஆறரைக்கு எழ வேண்டிய நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் ஒன்பதரை மணி நேரம் கிடைக்கும்.

படுக்கைக்குப் போன் போகக் கூடாது. இது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான், இல்லாவிட்டால் நடக்காது.

இந்த நாட்களிலேயே தலையில் பேன் இருக்கிறதா என்று ஈர்கொல்லி போட்டுப் பாருங்கள். விடுமுறையில் உறவுக்காரப் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்ததில் வந்திருக்கும். வகுப்பில் இன்னொரு பிள்ளை அதைச் சொல்லிக் காட்டும் அவமானத்தை ஒரு மணி நேர வேலையில் தவிர்த்துவிடலாம். புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகே வைத்துப் படிக்கிறதா, டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறதா என்று கவனித்து, சந்தேகமிருந்தால் கண் பரிசோதனையையும் இப்போதே முடியுங்கள்.

படி 4: ஒரு நாள் ஒத்திகை

திறப்பதற்கு மூன்று நான்கு நாள் முன்பு ஒரு காலையை முழுதாக ஒத்திகை பாருங்கள். எழுந்து, குளித்து, சீருடை போட்டு, சாப்பிட்டு, வாசலில் போய் நிற்பது வரை. எங்கே நேரம் போகிறது என்று அன்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது சாக்ஸ் தேடுவதிலும் தலை பின்னுவதிலும் போகும்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு இந்த ஒத்திகை இன்னும் முக்கியம். டிபன் டப்பாவைத் தானே திறக்க முடிகிறதா? தண்ணீர் பாட்டில் மூடியை? டவுசர் கொக்கியை? புது டப்பாவின் ரப்பர் மூடி இறுக்கமாக இருந்தால், மதியம் சாப்பிடாமலேயே டப்பா திரும்பி வரும், நாமும் "பிள்ளைக்குப் பள்ளி பிடிக்கவில்லை" என்று நினைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை அந்த டப்பாவிலேயே போட்டுக் கொடுங்கள்.

வேன், ஆட்டோ ஏற்பாட்டையும் இப்போதே நேரில் பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி இருக்கின்றனவா என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் ஒருமுறை உள்ளே ஏறிப் பாருங்கள். எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்பதை ஓட்டுநர் சொல்லும் கணக்கைவிட மற்றப் பெற்றோரிடம் கேட்டால் சரியாகத் தெரியும்.

படி 5: பயத்தைக் கேட்பது

முதலில் வீட்டில் நிறுத்த வேண்டிய ஒரு பேச்சு: "ஸ்கூல் திறக்கட்டும், அப்போ இருக்கு உனக்கு." மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் விடுமுறை முழுக்க இதைச் சொல்கிறார்கள். பிள்ளையின் காதில் பள்ளி தண்டனையாகவே விழுகிறது. "பத்தாவது வந்துட்டே, இனிமே டிவி கிடையாது, விளையாட்டு கிடையாது" என்பதும் இதே வகைதான். உறவினரிடம் மரியாதையாக, ஆனால் பிள்ளையின் முன்னாலேயே, "அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்று சொல்லுங்கள். நீங்கள் தன் பக்கம் நிற்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

எந்த வயதில் எது பயம் என்பது வேறுபடும். எல்.கே.ஜி. பிள்ளைக்கு அம்மா திரும்பி வருவாளா என்பதே கேள்வி. ஐந்தாவது முடித்து ஆறாவது போகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பள்ளியே மாறும், ஒரே ஆசிரியர் இருந்த இடத்தில் பாடத்துக்கு ஒருவர் வருவார், நேற்றுவரை பெரிய பிள்ளையாக இருந்தது இன்று எல்லாரிலும் சின்னதாகிவிடும். பிளஸ் ஒன் போகிறவர்களுக்கு நண்பர்கள் வேறு வேறு குரூப்புக்குப் பிரிந்துபோன துக்கமும், எடுத்த குரூப் சரிதானா என்ற சந்தேகமும். அதில் பெற்றோர் தேர்ந்தெடுத்த குரூப் என்றால் இரட்டைச் சுமை. குரூப்பைப் பற்றி மனக்குறை சொன்னால் "இப்ப என்ன பண்றது" என்று வாயை அடைக்காதீர்கள். முதல் ஓரிரு வாரத்தில் மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம்.

பல வீடுகளில் கேட்கவே கேட்காத ஒரு கேள்வி: பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது? நாற்றம், உடைந்த தாழ்ப்பாள், அனுமதி கேட்டால் திட்டு என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளைகள் நிறைய. ஜூன் வெயிலில் அது தலைவலியாகவும் நீர்க்கடுப்பாகவும் முடியும். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க நேரம் ஒதுக்கி மணி அடிக்கும் வழக்கம் பள்ளிகளுக்கு வந்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் கழிப்பறை சரியில்லாவிட்டால் மணி அடித்தும் குடிக்க மாட்டார்கள். மாலையில் பாட்டில் நிரம்பியபடியே வந்தால் காரணம் கேளுங்கள், நான்கு பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள்.

அடி, கேலி பற்றியும் முன்கூட்டியே பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிள்ளைக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. "யார் அடித்தாலும் என்னிடம் சொல், நான் உன்னைத் திட்ட மாட்டேன்" என்ற உறுதி இருந்தால் போதும்.

படி 6: முதல் வாரத்துக் காலை

வேலையை இரவே பிரித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் தூக்கிச் சுமப்பது அம்மாதான். அவள் கத்துகிறாள் என்றால் அது குணம் அல்ல, களைப்பு. பை அடுக்குவது, ஷூ பாலிஷ், பாட்டில் நிரப்புவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது ஆகியவை அப்பாவின் வேலையாக நிரந்தரமாக மாறட்டும். "உதவி" என்று ஒருநாள் செய்து மறுநாள் விட்டால் பயனில்லை.

காலை உணவு எளிமையாக இருக்கட்டும். இட்லியோ, தயிர் சாதமோ, வாழைப்பழமும் பாலுமோ, பிள்ளை ஐந்து நிமிடத்தில் விரும்பிச் சாப்பிடுவது எதுவோ அது. 1 முதல் 5 வரை அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. வேலைக்குப் போகும் பெற்றோர் தயங்காமல் பயன்படுத்தலாம். பிள்ளைகள் கூட்டாக உட்கார்ந்து சாப்பிடும்போது வீட்டில் தொடாத உப்புமாவும் உள்ளே போகும்.

பள்ளி வாசலில் அழும் சின்னப் பிள்ளையிடம் சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். அன்று அழுகை சீக்கிரம் நிற்கும், ஆனால் மறுநாள் உங்கள் புடவைத் தலைப்பை விடாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் நான் வாசலில் நிற்பேன்" என்று மணிக்கணக்கில் அல்லாமல் அதற்குப் புரிகிற கணக்கில் சொல்லி, ஒரு முத்தம் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் நடங்கள். மாலையில் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே நில்லுங்கள். முதல் வாரம் தாமதமாகவே கூடாது.

படி 7: மாலை

வாசலில் நுழைந்ததும் "என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" வேண்டாம். ஏதாவது தின்னக் கொடுத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் "யாரு பக்கத்துல உட்கார்ந்தே?" என்று கேட்டால் கதை வரும்.

ஜூன் மாதத்தில் டியூஷன் சேர்க்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். புது வகுப்பு, புது ஆசிரியர், புது நேரம் எல்லாவற்றையும் பழகும் பிள்ளைக்கு மாலை ஆறு முதல் எட்டு வரை இன்னொரு வகுப்பு கொடுமை. முதல் தேர்வு முடியட்டும், எதில் தேவை என்று பார்த்து முடிவு செய்யலாம். வீட்டுப்பாடத்துக்கும் அளவு இருக்கிறது: பையின் எடைக்குச் சொன்ன அதே 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது, 3 முதல் 5 வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம், 6 முதல் 8 வரை நாளுக்கு ஒரு மணி நேரம். உங்கள் பிள்ளை இதைத் தாண்டி உட்கார்ந்திருந்தால் ஆசிரியரிடம் பேசுவதில் தப்பே இல்லை.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவை இரவு எட்டு மணிக்கு மேல் மியூட்டில் போடுங்கள். "நாளைக்கு சார்ட் பேப்பர் வேணுமாமே?" என்று பத்தரை மணிக்கு ஒருவர் கேட்க, ஐம்பது வீடுகள் தூக்கம் கெடும். டைரியில் இல்லாதது அவசரமில்லை.

படி 8: எப்போது உதவி கேட்பது

முதல் இரண்டு வாரம் அழுகை, அடம், பசியின்மை எல்லாம் சகஜம். ஆனால் சில அடையாளங்களைத் தள்ளிப்போடக் கூடாது. ஞாயிறு மாலை தொடங்கி, பள்ளி இல்லாத நாளில் மட்டும் மறைந்துபோகும் வயிற்றுவலி. பழகியிருந்த பிள்ளை திரும்பவும் படுக்கையில் சிறுநீர் போவது. ஒரே ஒரு ஆசிரியரின் வகுப்பு நாளில் மட்டும் போக மறுப்பது. நண்பர்களைப் பற்றிப் பேச்சே நின்றுபோவது. வேன் ஓட்டுநரையோ வேறு பெரியவரையோ கண்டு ஒதுங்குவது. வயிற்றுவலி உண்மையான வலிதான், "நடிக்காதே" என்று சொல்லிவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி உடம்பில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதைப் பற்றி ஆசிரியரிடம் பேச வேண்டாம்.

பள்ளியில் பேசியும் பலனில்லை என்றால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் மாணவர்களும் பெற்றோரும் பேசலாம். பிள்ளைக்கு யாராலாவது துன்பம் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098. தூக்கமின்மை, பயம், சாவைப் பற்றிய பேச்சு என்று மனம் சார்ந்த எதற்கும் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பெற்றோருக்கே தாங்கவில்லை என்றாலும் இதே எண்ணில் பேசலாம். இந்த மூன்று எண்களையும் போனில் சேமித்து, ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் கண் எட்டும் உயரத்தில் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.